தண்ணீர் என் இலாகா இல்லை

ரக்தாட்சி வருஷம், ஐப்பசி.
நன்னிலம் தாலுகா கச்சேரியில் நகல் குமாஸ்தா நான்.
மாசம் பதினெட்டு ரூபாய்.
எண்ணூற்றுப் பன்னிரண்டு வாக்காளர் பெயரை
மூன்று படி எழுதினேன்.
என் பெயர் அதில் வராது,
பத்து ரூபாய் கிஸ்தி கட்ட எனக்கு நிலமில்லை.
கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும்.

சட்டம் இப்படி:
சபையில் இடமில்லாதவரும் மந்திரி ஆகலாம்,
ஆனால் ஆறு மாசம்தான்.
அதற்குள் எங்காவது ஜெயித்து வந்தாக வேண்டும்.
சொந்த ஜில்லாவில் தோற்ற
திவான் பகதூர் சபாநடேச முதலியாருக்கு
நான்கு மாசம் கரைந்திருந்தது.
எங்கள் மெம்பர், கீழப்பாதி மிராசு சாம்பமூர்த்தி ஐயர்,
திடீரென்று உடம்புக்கு முடியவில்லை என்று
ராஜிநாமா எழுதினார். (நகல் எடுத்தது நான்.)
மறுவாரம் தோட்டத்தில் டென்னிஸ் ஆடினார்.
இங்கிலீஷ் வருஷப் பிறப்புக்கு
அவருக்கும் ஒரு பட்டம் வருமென்று பேச்சு.

எதிர்த்து நின்றவர் வக்கீல் பஞ்சநதம்.
ஒரு சைக்கிள், ஒரு தகரக் குழாய்,
அதிலும் பாதி வார்த்தை காற்றோடு போகும்.

ஆடி வெள்ளம் நாகங்கட்டளை வாய்க்காலின் கரையைத்
தின்றுவிட்டுப் போயிருந்தது.
மேலே ஆறு நிறைந்து போகிறது,
கீழே நாற்று மஞ்சளாய் நிற்கிறது.
அந்த ஊருக்குத்தான் மந்திரி வந்தார்.
மோட்டார் சேற்றில் புதைந்ததால்
கடைசி மைலுக்கு மாட்டுவண்டி.
நுழைவாயிலில் மூங்கில் வளைவு,
பச்சைத் தென்னங்கீற்று,
காடாத் துணியில் நான் எழுதிய ‘நல்வரவு’.

பட்டியலில் பெண்கள் ஒன்பது பேர்.
வரிசை எண் அறுநூற்று நான்கு, தையல்நாயகி,
ஏழு மா நஞ்சை, பதினாறு ரூபாய் கிஸ்தி, கைம்பெண்.
கூட்டத்தில் எழுந்து,
‘மடை எப்போ கட்டுவீங்க?’ என்றாள்.

மந்திரி நல்ல மனிதர்தான். பொய் சொல்லவில்லை.
‘தண்ணீர் என் இலாகா இல்லையம்மா.
அது ஒதுக்கிய இலாகா, கவர்னர் பக்கம்.
என் பக்கம் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி,
அப்புறம் கள்ளு.’
‘கள்ளுக்கு எதுக்குய்யா ஓட்டு?
அது கேக்காமலே வருதே.’
சிரித்தவர்களில் தாசில்தாரும் உண்டு,
மந்திரி திரும்பியதும் நிறுத்திக்கொண்டார்.

ஓட்டு நாளில் தூறல்.
எழுதத் தெரியாதவர்கள் பெயரைச் சொன்னால்
அதிகாரி குறி போடுவார்.
பக்கத்து மேஜையில் நான்.
‘யாருக்கு அம்மா?’
‘தண்ணிக்கு.’
‘ரெண்டு பேர்தான் நிக்கிறாங்க.’
‘ரெண்டு பேர்கிட்டயும் இல்லையே?’
கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்தாள்.
‘அப்ப வெறுமனே போடுங்க.’

முதலியார் முந்நூற்று எழுபத்தொன்று.
பஞ்சநதம் நூற்று அறுபத்து நான்கு.
செல்லாதவை பதினொன்று.
கவர்னரிடமிருந்து தந்தி,
கச்சேரியில் எல்லோருக்கும் ஜாங்கிரி.
நானும் இரண்டு தின்றேன், நன்றாகவே இருந்தது.

மூன்றாம் நாள் பந்தல் சாமான் கணக்கெடுக்கப் போனேன்.
வளைவு நின்ற இடத்தில் நான்கு குழிகள், மழைத்தண்ணீர்.
உடைப்பில் ஆட்கள் இடுப்பளவில் நின்றார்கள்,
ஓட்டில்லாதவர்கள், சேரியிலிருந்து வந்தவர்கள்,
அவர்களுக்கு நடுவே புடவையைச் செருகிக்கொண்டு அவள்.
மூங்கில் எல்லாம் முளையாக இறங்கியிருந்தது.
கீற்று, வைக்கோல், களிமண்.
மணல் கட்டிய மூட்டை ஒன்றில் என் கையெழுத்து,
‘நல்’ உள்ளே மடிந்துபோய்
‘வரவு’ மட்டும் ஆற்றைப் பார்த்தபடி.

யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
வரப்பிலேயே திரும்பினேன்.
பேரேட்டில் எழுதினேன்:
மூங்கில் நாற்பது, காடாத் துணி ஆறு கெஜம்,
மழையில் சேதம்.
தாசில்தார் படிக்காமல் கையெழுத்திட்டார்.